யு.கே.ஜி.க்கு 10 டேப் வந்திருக்கு: எழுத்துக்கும் எண்ணுக்கும் எப்படிப் பயன்படுத்தலாம்?

யாழினி டீச்சர்:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல நடக்கிற யு.கே.ஜி. வகுப்பு எங்களோடது. பிள்ளைங்க 28 பேர். நான் ஒருத்தி, கூட ஆயாம்மா. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 10 ஆண்ட்ராய்டு டேப் வாங்கிக் கொடுத்திருக்காங்க. 8 இன்ச், ஹெட்போன் ஓட்டை இருக்கு. வைஃபை ஆபீஸ் ரூமோட சரி, வகுப்புக்கு எட்டாது. பாயில உக்காந்துதான் படிக்கிறாங்க, நாலு குட்டை மேசையும் உண்டு.

எல்லாருக்கும் ஒரே நேரத்துல கொடுத்தா மூணு பேருக்கு ஒண்ணுன்னு வருது. ஒருத்தர் தட்ட, மத்தவங்க பார்த்துட்டு இருக்காங்க. பத்து டேப்பும் ஒண்ணாப் பேசினா எதுவும் காதுல விழல. பதில் தெரியாத பிள்ளையும் மாத்தி மாத்தி அமுக்கி நட்சத்திரம் வாங்கிடுது.

வகுப்பை எப்படிப் பிரிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் போதும், தமிழ் எழுத்துக்கு விரலால வரையுற ஆப் பிரயோஜனப்படுமா, கணக்குல எதை டேப்ல வைக்கலாம் எதை வைக்கக்கூடாது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. சார்ஜ் போடுறது பத்தியும் வேணும், எங்க வகுப்புல ரெண்டு பிளக் பாயின்ட்தான்.

மணிமேகலை (ஆசிரியர் பயிற்றுநர்):

யாழினி டீச்சர், பத்தையும் ஒரே நேரத்துல வெளியே எடுக்கிறதை முதல்ல விட்டுடுங்க. 28 பேரை நாலு குழுவாப் பிரிச்சா குழுவுக்கு 7 பேர். 7 டேப் வேலைக்கு, 3 டேப் கையிருப்புக்கு. நடுவுல ஒண்ணு அணைஞ்சு போனாலும் பாடம் நிக்காது. கையிருப்புல ஒண்ணை எடுத்துக் கொடுத்துட்டு உங்க வேலையைப் பார்க்கலாம். டேப்புக்கு 1 முதல் 10 வரை நம்பர் ஒட்டி, எந்தப் பிள்ளைக்கு எந்த டேப்னு நிலையா வச்சுடுங்க. தினம் யாருக்கு எதுன்னு சண்டை வராது, எதுல கோளாறுன்னும் சீக்கிரம் தெரியும்.

நாலு இடம் வைங்க. ஒண்ணு உங்ககிட்ட. புது எழுத்தும் புது எண்ணும் அங்கேதான் அறிமுகமாகணும். இன்னொண்ணு ஆயாம்மா பார்வையில சிலேட்டும் மணல் தட்டும். மூணாவது புளியங்கொட்டை, மணி, ஐஸ் குச்சி வச்சு எண்ணுற பாய். நாலாவதுதான் டேப். ஒவ்வொரு இடத்துக்கும் 12 நிமிஷம், இடம் மாற 3 நிமிஷம். ஒரு மணி நேரத்துல நாலு குழுவும் நாலு இடத்தையும் சுத்தி முடிச்சிடும்.

ஆக ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு டேப் 12 நிமிஷம். அதுக்கு மேல கேக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-லயும், இந்தியக் குழந்தை மருத்துவர்களோட சங்கம் 2021-லயும் 2 வயசுக்கு மேல, 5 வயசு நிறையாத பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தத் திரை நேரம் ஒரு மணிக்குள்ள இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல டி.வி., போன் பார்க்கிறதும் அந்த ஒரு மணிக்குள்ளதான் வருது. நம்ம பங்கு சின்னதா இருக்கிறதுதான் நியாயம்.

டேப் இருக்கிற இடத்துல நீங்க உக்காரக்கூடாது. அங்கே நீங்க இல்லாம நடக்கலைன்னா ஆப் பிள்ளைக்குக் கஷ்டமா இருக்கு, இல்லைன்னா பழக்கம் போதலை. அதனால முதல் ரெண்டு வாரம் பாடமே வேண்டாம். ரெண்டு கையால எடுக்கிறது, சாய்வுப் பலகையில வைக்கிறது, ஹெட்போன் மாட்டுறது, ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது, மணி அடிச்சதும் "கை மடியில". இதுல கடைசிதான் கஷ்டம். விளையாட்டு பாதியில நின்னா அழுகை வரும். மணி அடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே "இன்னும் ஒரே ஒரு கேள்வி"ன்னு சொல்லிடுங்க. அடுத்த இடத்துல கைக்கு வேலை தயாரா இருந்துட்டா சட்டுன்னு எழுந்து வந்துடுவாங்க.

டேப்பைப் பாயில தட்டையா வச்சா பிள்ளை முதுகை வளைச்சு, முகத்தை அதுக்குள்ளயே கொண்டுபோயிடும். உங்க குட்டை மேசைகள்ல ரெண்டை இதுக்கு ஒதுக்கி, 20, 30 டிகிரி சாய்வா மரப்பலகை போடுங்க. கண்ணுக்கும் திரைக்கும் ஒரு அடிக்கு மேல இடைவெளி வேணும். ஜன்னல் பக்கவாட்டுல வரணும். முதுகுக்குப் பின்னாடி வந்தா திரையில வெளிச்சம்தான் தெரியும், எழுத்து தெரியாது.

நட்சத்திர விஷயம். ரெண்டு விடையில ஒண்ணைத் தொடச் சொல்ற ஆப்ல கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் பாதி சரியாயிடும். ஆப் தேர்ந்தெடுக்கும்போது நீங்களே வேணும்னே தப்புத் தப்பா அமுக்கிப் பாருங்க. தப்பு பண்ணினாலும் கடைசியில கைதட்டல் வந்தா அந்த ஆப் வேண்டாம். ரெண்டாவது தப்புல சரியான விடையைக் காட்டி, கொஞ்சம் கழிச்சு அதே கேள்வியை வேற இடத்துல வேற வரிசையில திரும்பக் கேக்கிற ஆப்தான் நல்லது. சில ஆப்ல விடை எப்பவும் ஒரே மூலையில வரும். பிள்ளைங்க எழுத்தை விட்டுட்டு மூலையை மனப்பாடம் பண்ணிடுவாங்க.

ஆட்டம்பாட்டம் எவ்வளவு நேரம் ஓடுதுன்னும் பாருங்க. ஒரு கேள்விக்கு 10 விநாடி, அதுக்கப்புறம் பலூன் பறக்க 8 விநாடின்னா 12 நிமிஷத்துல 40 கேள்வி. பலூன் இல்லைன்னா 72. கிட்டத்தட்டப் பாதி பயிற்சி பலூன்ல போகுது.

இளங்கோவன்:

எழுத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் தமிழ் எழுத்து ஆப்கள் பெரும்பாலும் அ முதல் ஔ வரை, பிறகு க் முதல் ன் வரை என்று போகின்றன. அந்த வழியில் போனால் மாதக்கணக்கில் குழந்தை ஒரு சொல்லைக்கூடச் சொந்தமாக வாசிக்க முடியாது. வரிசையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ட, ப, ம ஆகிய மூன்றும் புள்ளியும் துணைக்காலும் போதும்: படம், பாடம், மடம், மாடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். கைக்கும் இது எளிது. கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ட. அதையே மேலே ஏற்றினால் ப. அதன் மேல் ஒரு வளைவு சேர்ந்தால் ம. உயிரெழுத்துகளை வாரத்துக்கு ஒன்றாகப் பாட்டோடும் படத்தோடும் பக்கத்தில் நடத்திக்கொண்டே போகலாம்.

இந்த வரிசைக்கு ஏற்ற ஆப் கிடைப்பது அரிது. ஸ்லைடு செய்யும் செயலியிலேயே நீங்கள் தயாரித்துவிடலாம். ஒரு ஸ்லைடில் ஒரே எழுத்து, எழுத்தளவு 200-க்குக் குறையாமல், ஒரு படம், ஒரு ஒலிக் குறி. ஒலிக்கு உங்கள் குரலையே பதியுங்கள். கணினிக் குரல் தனி எழுத்தில் தடுமாறும். ச-வை எப்படி ஒலிப்பது, புள்ளி வைத்த எழுத்தை எப்படி ஒலிப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு குரலிலும் ஒவ்வொரு மாதிரி. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதியுங்கள். ஒவ்வொரு ஒலியும் 3 விநாடிக்குள் இருக்கட்டும்: "ப... பந்து." மெமரி கார்டிலோ கேபிளிலோ எல்லா டேப்பிலும் ஏற்றிவிட்டால் இணையம் தேவையில்லை.

ஆயத்த ஆப் எதையாவது எடுத்தால் மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, "பெ", "பே", "பொ" எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். எழுத்தை இழுத்துப் பொருத்தும் விளையாட்டுகளில் ஒற்றைக்கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு வரும். தயாரித்தவர்கள் தமிழ் உயிர்மெய்யைச் சரியாகக் கையாளாததால் வருவது அது. குழந்தை அந்தப் புள்ளி வட்டத்தையும் ஓர் எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, எழுத்துரு பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். சில எழுத்துருக்களில் ர-வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு அடியில் உள்ள சிறு சாய்கோடு மட்டும்தான். 8 இன்ச் திரையில் அது கண்ணில் படாது. மூன்றாவது, ஒரே கேள்வியில் ன, ண, ள சேர்ந்து வருகிறதா? தொடக்கத்தில் அது கூடாது. ரெண்டு சுழி ன நன்றாகப் பதிந்து சில வாரம் போன பிறகு மூணு சுழி ண. ர, ற-வும் அப்படியே.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் குழந்தை "அம்மா"வுக்கு இரண்டு தட்டுத்தான் தட்டும்: அம், மா. ஆப்போ மூன்று கட்டங்களைக் காட்டும்: அ, ம், மா. இரண்டும் சரியே. தட்டுவது அசைக்கு, கட்டம் எழுத்துக்கு. அரையாண்டு வரை தட்டு மட்டும் போதும். எழுத்து எண்ணும் விளையாட்டைப் புள்ளி எழுத்து பழகிய பிறகு திறந்துவிடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் கைதட்டுவதிலேயே குழப்பம் வந்துவிடும்.

விரலால் வரைவது: கண்ணாடியில் விரல் வழுக்கும், பிடிமானம் இருக்காது. பல ஆப்கள் கோட்டை ஒட்டி விரல் போனாலே எழுத்தை நிரப்பிவிடும். வலது மேல் முனையில் தொடங்கித் தலைகீழாகப் ப எழுதினாலும் "அருமை" என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் காரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகள் ஆங்கில எழுத்துகளைச் சொந்தமாக எழுதியும், புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தும், விசையைத் தட்டியும் பழகினார்கள். பிறகு எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் சுறுசுறுப்பானது சொந்தமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். ஆகவே டேப்பில் எழுத்து எங்கே தொடங்கி எப்படி ஓடுகிறது என்ற அசைபடத்தை மட்டும் இரண்டு முறை பார்க்கட்டும். அடுத்து மணல் தட்டில் விரலால். அடுத்து சிலேட்டில், பார்க்காமல், புள்ளிக் கோடில்லாமல். கோணலாக வந்தாலும் அந்த ஒரு ப-வுக்குத்தான் மதிப்பு.

டேப்பில் இந்த வயதுக்கு மிக நல்ல கருவி கேமராதான் என்பேன். "ப வேட்டை" வையுங்கள். வகுப்பறையிலும் வராந்தாவிலும் ப-வில் தொடங்கும் மூன்று பொருள்களைப் படம் எடுக்க வேண்டும்: படம், பந்து, பலகை. எடுத்து வந்து உங்களிடம் பெயர் சொல்ல வேண்டும். நாற்காலியைப் படம் எடுத்து வந்தால் திட்ட வேண்டாம், "நா... நாற்காலி, ப... பலகை" என்று இரண்டையும் ஒலித்துக் காட்டினால் காது பிரித்துக்கொள்ளும். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கதைக்கு ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. முதல் நிலைத் தமிழ்க் கதைகளை ஆபீஸ் வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.

யாழினி டீச்சர்:

ரொம்ப நன்றி சார், மேடம். மூணு எழுத்து, புள்ளி, கால்ல இத்தனை சொல் வரும்னு யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகம். இடது கைப் பிள்ளைங்க ரெண்டு பேர் தொட்டா மட்டும் திரையில வேற எதுவோ திறக்குது. டேப் கோளாறா?

அப்புறம் கணக்கு பத்தி யாராவது சொல்லுங்களேன்.

பாலு (டேப், லேப்டாப் சர்வீஸ்):

டேப் கோளாறு இல்லம்மா. எழுதுற மாதிரி கையை வச்சா உள்ளங்கையும் திரையில படும். டேப்புக்கு விரல் எது, உள்ளங்கை எதுன்னு தெரியாது. இடது கைப் பிள்ளைக்கு உள்ளங்கை போய் விழுற இடத்துலதான் பல ஆப்ல "பின்னே போ" பட்டன் இருக்கும். பலகையோட சாய்வைக் கூட்டுங்க, கை தானாத் தூக்கி நிக்கும்.

வேற காரணத்தாலயும் திரை தானாத் தொடும். கையில வேர்வை, தண்ணி. சார்ஜ்ல போட்டுக்கிட்டே பயன்படுத்துறது, அதுவும் மலிவான சார்ஜர்னா திரை துள்ளும். டெம்பர்டு கிளாஸ் ஓரம் தூக்கி உள்ளே தூசி போயிருந்தாலும் அப்படித்தான். அதனால வகுப்புல வயர் மாட்டி வேலை வாங்கவே கூடாது.

சார்ஜ்: ஒரு டேப்புக்கு 10 வாட்னு வச்சாலும் பத்துக்கும் 100 வாட்தான். ஒரு பிளக் பாயின்ட்டே தாராளமாத் தாங்கும். பிரச்சினை சூடு. பத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, பீரோவுக்குள்ள பூட்டி சார்ஜ் போடுறது ஆபத்து. தட்டு வைக்கிற ஸ்டீல் ஸ்டாண்டு இருக்கில்ல, அதுல நிறுத்தி வச்சா நடுவுல காத்துப் போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஸ்பைக் பஸ்டர் வாங்குங்க. பத்து ஓட்டை உள்ள ஒரே சார்ஜர் வாங்கினா மொத்தம் எத்தனை வாட்னு பாருங்க. 60 வாட்னா ஒரு டேப்புக்கு 6 வாட்தான் கிடைக்கும், காலையில போட்டது மதியம் வரைக்கும் நிறையாது. ராத்திரி பூரா போட்டுட்டுப் போகாதீங்க. ஆள் இருக்கிற நேரத்துல, சாயந்திரம் பள்ளி முடியுற முன்னாடி போட்டு எடுங்க. உங்க கணக்குப்படி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தானே ஓடுது, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை போட்டாலே போதும்.

மே மாச லீவுக்குப் பூட்டி வைக்கும்போது சார்ஜ் பாதியளவு இருக்கணும், அணைச்சு வைக்கணும். பூராத் தீர்ந்த நிலையில ரெண்டு மாசம் கிடந்தா பேட்டரி திரும்ப எழும்பாமலே போகலாம். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை ஓரம் பிளந்திருந்தாலோ அந்த டேப்பைத் தொடவே வேண்டாம். சார்ஜும் போடாதீங்க, சர்வீசுக்குக் கொடுத்துடுங்க.

சாக்பீஸ் தூள் சார்ஜ் ஓட்டையில போய் அடைச்சுக்கும். வயர் லூசா நிக்குதுன்னா பாதி நேரம் அதுதான் காரணம். டேப்பை அணைச்சுட்டு, பல் குத்துற மரக்குச்சியால மெதுவாச் சுரண்டி எடுங்க. ஊசி, பின் வேண்டாம்.

வேற ஆப்புக்குத் தாவுறதை நிறுத்த: செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி போய் "ஆப் பின்னிங்"கை ஆன் பண்ணுங்க. சில டேப்ல "ஸ்கிரீன் பின்னிங்"னு இருக்கும். அதுக்குக் கீழே "வெளியே வர பின் நம்பர் கேள்"னு ஒரு வரி இருக்கும், அதையும் ஆன் பண்ணணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. அது இல்லைன்னா ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கியோ, கீழேயிருந்து இழுத்துப் பிடிச்சோ பிள்ளைங்க வெளியே வந்துடுவாங்க. அப்புறம் ஆப்பைத் திறந்து, கடைசியாத் திறந்த ஆப்கள் வரிசைக்குப் போய், அதோட ஐகானைத் தொட்டு "பின்" கொடுங்க. யூடியூபையும் பிரவுசரையும் முடக்கி வச்சுட்டா இன்னும் நிம்மதி.

ஹெட்போன் காதுக்குள்ள சொருகுறது வேண்டாம், மேல மூடுறது வாங்குங்க. பெட்டியில 85 டெசிபல் வரம்புன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதுலயும் ஒலியைப் பாதிக்கு மேல வைக்காதீங்க. பிள்ளை மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்துல நிக்கிற உங்களுக்கே சொல் புரியுற அளவுக்குக் கேட்டா அது அதிகம். குழு மாறும்போது காது மூடியை ஈரத்துணியால துடைச்சுட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுங்க.

தேன்மொழி (தொடக்கக் கணக்கு):

டீச்சர், டேப் கணக்குல ஒரு பெரிய ஏமாற்று இருக்கு. பிள்ளை மாங்காயைத் தொட்டதும் ஆப்பே "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணிடும். எண்ணினது ஆப், தொட்டது பிள்ளை. அந்த ஒலியை நிறுத்தும் வசதி இருந்தா நிறுத்திடுங்க. இல்லைன்னா பிள்ளை வாயால சத்தமா எண்ணினப்புறம்தான் தொடணும்னு பழக்குங்க.

எண்ணத் தெரியும்கிறதுக்கும் எண்ணிக்கை தெரியும்கிறதுக்கும் நிறைய தூரம் இருக்கு. 5 புளியங்கொட்டையை வரிசையா எண்ணிக் காட்டச் சொல்லுங்க, எண்ணிடும். உடனே "மொத்தம் எத்தனை?"ன்னு கேளுங்க. மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சா, கடைசியாச் சொன்ன எண்தான் மொத்தம்கிறது இன்னும் பிடிபடலைன்னு அர்த்தம். இன்னொரு சோதனை: குவியலைக் காட்டி "நாலு கொடு"ன்னு கேளுங்க. புரியாத பிள்ளை கைநிறைய அள்ளிக் கொடுக்கும். இந்த நிலையில இருக்கிற பிள்ளைக்கு டேப்ல கூட்டல் திறக்கவே கூடாது. படத்தைப் பார்த்து விடையைத் தொட்டுடும். நீங்களும் கூட்டல் வந்துடுச்சுன்னு நினைச்சுடுவீங்க.

டேப் நல்லா செய்யுற வேலை ஒண்ணு உண்டு: பார்த்ததும் சொல்றது. 1 முதல் 5 வரைக்கும் புள்ளிகளை ரெண்டு விநாடி காட்டி மறைக்கணும், எண்ணாமலே எத்தனைன்னு சொல்லணும். அட்டையைக் கையில பிடிச்சு ரெண்டே விநாடி காட்டுறது நமக்கு ஒவ்வொரு தடவையும் சரியா வராது. ஸ்லைடுல ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை தானா மாறுற மாதிரி வச்சுட்டா டேப் பார்த்துக்கும். ஒரே மாதிரி அடுக்காதீங்க. ஆறு பக்கப் பகடைப் புள்ளி மாதிரி, வரிசையா, கலைச்சுன்னு மாத்தி மாத்தி வைங்க.

அடுத்தது பத்துக்கட்டம். 30 முட்டை அட்டை 5-க்கு 6 இருக்கும். ரெண்டு ரெண்டு வரிசையா வெட்டினா ஒரு அட்டையில மூணு பத்துக்கட்டம் கிடைச்சிடும். மேல 5 குழி, கீழே 5 குழி. 7-னா மேல நிறைஞ்சு கீழே ரெண்டு. "பத்துக்கு இன்னும் எத்தனை?"ன்னா காலியா இருக்கிற குழியே விடை. கையால போட்டு ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் டேப்ல அதே 5-5 அமைப்புள்ள பத்துக்கட்ட விளையாட்டு. அமைப்பு மாறினா பிள்ளைக்கு அது புது விளையாட்டாப் போயிடும்.

ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல அமெரிக்காவுல ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்க கிட்ட ஒரு எளிய ஆய்வு பண்ணினாங்க. நேர்கோட்டுல 1 முதல் 10 வரை கட்டம் உள்ள அட்டை, 1, 2 மட்டும் உள்ள சுழல் முள். காயை நகர்த்தும்போது கட்டத்துல இருக்கிற எண்ணைச் சொல்லணும். ரெண்டு வாரத்துல 15 நிமிஷமா நாலு தடவை ஆடினதுக்கே எண்ணறிவு நல்லாக் கூடிச்சு. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் போட்ட அட்டையில ஆடினவங்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. டேப்ல இதுக்கு எந்த ஆப்பும் தேட வேண்டாம். நீட்டுக் காகிதம் போதும். நம்ம பரமபத அட்டையை இதுக்கு எடுக்காதீங்க. ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம்னு திரும்புறது இந்த வயசுக்குக் குழப்பும்.

நகர்த்தும்போது கவனிக்க வேண்டியது ஒண்ணு. காய் 4-ல இருக்கு, முள் 2 காட்டுது. பிள்ளை "ஒண்ணு, ரெண்டு"ன்னு நகர்த்தினா பலன் குறைவு. "அஞ்சு, ஆறு"ன்னு சொல்லி நகர்த்தணும்.

இணையம் இல்லாம ஓடுற ஆப் வேணும்னா ஜிகாம்ப்ரி இருக்கு. இலவசம், விளம்பரம் இல்லை. உள்ளே நூத்துக்கு மேல விளையாட்டு இருக்கிறதால அப்படியே கொடுத்தா பிள்ளை அலைஞ்சுட்டு இருக்கும். எண்ணுற விளையாட்டு ரெண்டு மூணை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழக்குங்க. கான் அகாடமி கிட்ஸும் இலவசம், கணக்குப் பகுதி ஒழுங்கா அடுக்கியிருக்காங்க. பேச்சு ஆங்கிலத்துல வருது. "தர்ட்டீன்"னு கேட்டுட்டு 31-னு எழுதுற பிள்ளைங்க உண்டு, ஏன்னா அதுல மூணு முதல்ல ஒலிக்குது. தமிழ்ல "பதிமூணு"ன்னா பத்து முதல்ல, மூணு அப்புறம். எழுதுற வரிசையும் அதேதான். 20 வரைக்கும் தமிழ்ல நல்லா ஊறட்டும், ஆங்கில ஒலி அப்புறம் வரட்டும்.

கணக்குக்கு மட்டும் ரெண்டு பேருக்கு ஒரு டேப் கொடுத்துப் பாருங்க. ஹெட்போன் வேண்டாம், ஒலியை அடக்கி வச்சுக்கலாம். "இது அஞ்சுடா", "இல்ல, ஆறு"ன்னு பேச்சு வரும், அந்தப் பேச்சுதான் வேணும். ஒருத்தரே பிடுங்கிக்காம இருக்க, சிவப்பு, நீலம்னு கையில துணிப்பட்டை கட்டிவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கை மாறணும்னு வைங்க. எழுத்துக்கு இது ஒத்துவராது. அதுக்குக் காது தனியா வேணும். ல, ள, ழ ஒலியெல்லாம் சத்தத்துல கரைஞ்சு போயிடும்.

கோமதி:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா 5 வயசுப் பிள்ளைக்கு இது எதுக்குங்கிற கேள்வியை யாரும் கேக்கலையே? கதை, பாட்டு, மண்ணு, ஓட்டம், பேச்சு. இந்த வயசுக்கு அதுதான் படிப்பு. டேப் வந்துடுச்சுங்கிறதுக்காகப் பயன்படுத்தணுமா? டேப்பாலேயே படிக்க வைக்கலாம்னு வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டுறாங்க, அதை அப்படியே நம்ம வகுப்புக்குக் கொண்டு வர்றது சரியா?

மணிமேகலை (ஆசிரியர் பயிற்றுநர்):

கோமதி மேடம் கேக்கிறது சரியான கேள்வி. அதிகமாச் சொல்லப்படுறது குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் போட்டி. தான்சானியாவுல டாங்கா பகுதிக் கிராமங்கள்ல, பள்ளி எட்டாத பிள்ளைங்களுக்கு டேப் கொடுத்து 15 மாசம் பார்த்தாங்க. 2019-ல ஒன்பில்லியன், கிட்கிட் ஸ்கூல்னு ஆப் தயாரிச்ச ரெண்டு குழுவும் 1 கோடி டாலர் பரிசைப் பகிர்ந்துகிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க ஏழு வயசைத் தாண்டினவங்க, பெரும்பாலும் பள்ளிக்கே போகாதவங்க, கற்றது சுவாஹிலி. நம்ம யு.கே.ஜி.யில டீச்சர் இருக்காங்க, புளியங்கொட்டை இருக்கு, பக்கத்துல பேச 27 பிள்ளைங்க இருக்காங்க. அந்த முடிவை இங்கே பொருத்த முடியாது.

ஒரு மணி நேரத்துல, இடம் மாறுற நேரம் போக, 36 நிமிஷம் கை, வாய், காதுக்கு. 12 நிமிஷம் டேப்புக்குன்னு நான் சொன்னதும் அதனாலதான். அந்த 12 நிமிஷத்தாலயும் ஒரு லாபம் உண்டு: 7 பேர் தனியா வேலை செய்யும்போது டீச்சர் இன்னொரு 7 பேர் கூட உக்கார முடியுது. 28 பேருக்கு ஒரு ஆள்ங்கிற வகுப்புல அது பெரிய விஷயம். பாட்டு நேரம், விளையாட்டு நேரத்துலயிருந்து டேப்புக்காக நேரம் எடுத்தா, அன்னைக்கு நான் கோமதி மேடம் பக்கம்தான்.

யாழினி டீச்சர்:

கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன். ஆப்ல 80 நட்சத்திரம்னு காட்டுது. பிள்ளைக்கு உண்மையிலேயே வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? பேர் போட்டு லாகின் பண்ணச் சொல்லுது, போடலாமா?

மணிமேகலை (ஆசிரியர் பயிற்றுநர்):

நட்சத்திரத்தை நோட்டுல எழுதவே எழுதாதீங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம், வாரத்துக்கு ஒரு தடவை, டேப் இல்லாம. ஒரு நாளைக்கு 6 பேர்னு வச்சா அஞ்சு நாள்ல 28 பேரும் முடிஞ்சு ரெண்டு இடம் மிச்சம் இருக்கும், லீவு போட்ட பிள்ளைக்கு அது உதவும். கையால எழுதின 5 எழுத்து அட்டையைக் கலைச்சுக் காட்டுங்க, படம் இருக்கக்கூடாது. 3 விநாடிக்குள்ள சொன்னா டிக், யோசிச்சுச் சொன்னா புள்ளி, தெரியலைன்னா வெறுமனே விடுங்க. அப்புறம் ஒரு எழுத்தை நீங்க சொல்லி சிலேட்டுல எழுதச் சொல்லுங்க. கணக்குக்கு "ஆறு கொடு", "மொத்தம் எத்தனை?" ரெண்டும் போதும்.

ஆப்ல வந்து அட்டையில வரலைன்னா பெரும்பாலும் படத்தையோ இடத்தையோ பார்த்துத் தொட்டிருக்கு. அந்தப் பிள்ளையை அடுத்த வாரம் உங்ககிட்ட வர்ற முதல் குழுவுல உக்கார வைங்க. அட்டையில வந்து ஆப்ல வரலைன்னா ஹெட்போன்ல ஒலி கேக்குதான்னு பாருங்க, வயர் போயிருக்கும். ரெண்டுலயும் வரலைன்னா, கூப்பிட்டாத் திரும்புதா, அட்டையைக் கண்ணுகிட்ட கொண்டுபோகுதான்னு ஒரு வாரம் கவனிச்சு, பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழு கிட்ட காதையும் கண்ணையும் காட்டுங்க.

பேர் போடாதீங்க. டேப் நம்பரையும், குழுவுக்கு ஒரு நிறம்னு வச்சு அந்த நிறத்தையும் சேர்த்து "3 நீலம்"னு போடுங்க. பிறந்த தேதி கேட்டா வயசு மட்டும் கொடுக்க முடியுதான்னு பாருங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களோட விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாம எடுக்கக்கூடாது. அதனால போட்டோ, குரல் பதிவு எதையாவது சேமிக்கிற ஆப்பா இருந்தா, பெற்றோர் கூட்டத்துல டேப்பைக் காட்டி, என்ன சேமிக்கும்னு சொல்லி, கையெழுத்து வாங்கினப்புறம்தான் திறக்கணும்.